லோஜினியிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்

அல் ஐன் நகரம்,
ஆடி 19, பின்னேரம்.

பாசத்துக்குரிய தவமலர் அக்காவுக்கு,

உங்கள் ஒரே தம்பி பாலேந்திரா, கதவுக்கு உள்ளே பத்தொன்பது பாகைக் குளிரில் போர்வை போர்த்திக்கொண்டு, கதவுக்கு வெளியே நாற்பத்தேழு பாகை வெயிலைப் பார்த்தபடி எழுதுவது. இல்ஃபோர்ட்டில் நீங்களும் அத்தானும் உங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க நயினை அம்மாள் துணை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சுகம் விசாரிக்க வேண்டாம், விசாரித்தால் நான் பொய் சொல்ல வேண்டி வரும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் கதைப்பீர்கள், நான் "ஓம் அக்கா" என்பேன், பிறகு போனை வைத்துவிட்டு, சொல்ல வந்ததை எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிவேன். அறுபத்தேழு வயதில் இனி அது சரிவராது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே வர ஏலாது. பக்கத்து வீட்டு இம்மாகுலேற் நாளைக் காலை லண்டனுக்குப் போகிறாள், கிங்ஸ்பரியில் இருக்கும் தங்கையிடம். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நல்ல பிள்ளை, அவளைப் பற்றிக் கீழே வரும்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெயிலைப் பற்றி எழுதப்போய் மறந்துவிடுவேன். லண்டன் மிச்சமில் இருக்கிற எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை, ஆவணி முதல் ஞாயிறு பால் காய்ச்சி வாடகைக்குக் குடிவரப் போகிற லோஜினியிடம் கொடுக்கச் சொல்லி உங்களிடம் தந்துவிட்டு வந்தேன் அல்லவா, அதைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் இரண்டு வருடத்துக்கு அது அவர்களுடைய வீடு, எங்களுக்குத் திரும்பி வர ஒரு வாசல் இல்லை. நாங்கள் ஆவணி பிறக்க முன்னம் வந்துவிடுவோம். லோஜினி கேட்டால் பின்கதவைச் சாட்டாகச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. அந்தப் பின்கதவைத் திறக்கிற சூட்சுமம் இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். செல்வமலருக்கே தெரியாது. இருபத்தேழு வருடமாக அவள் தோட்டத்தில் ஒரு துணி காயப்போடுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

நாங்கள் எதற்காக இங்கே வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். செல்வமலரின் விரல்கள். மகள் சயந்தினி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வந்து இரண்டு வருடமாக, "அம்மாவை இங்க கொண்டு வாங்கோ அப்பா, இது ஈரமில்லாத சூடு, அவவின்ர கைக்குச் சுகமா இருக்கும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். மிச்சமின் ஈரக்குளிரில் அந்த விரல் மூட்டுகள் பதினொரு வருடமாக வீங்கி, மடங்காமல், ஒரு தேத்தண்ணிக் கோப்பையையே இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. பதினொரு வருடமாகக் காலையில் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவது நான்தான் என்ற விசயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அதாவது இல்ஃபோர்ட் முழுக்கத் தெரிந்தது.

சயந்தினி ஐப்பசியில் வரச் சொன்னாள். லோஜினி ஆவணியில் வீடு வேண்டும் என்றாள். ஆடியில் குடிபோகக் கூடாது என்று செல்வமலர் சொன்னாள். மிஞ்சியது ஆனிக் கடைசி. "அப்பா, ஜூலை மாசம் இங்க ஒருத்தரும் வீடு மாறுறேல்லை, இங்க இருக்கிற ஆக்களே ஓடிப்போற மாசம்" என்று பிள்ளை அழாத குறை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளை, நீ லண்டனில பிறந்தனி. நாங்கள் யாழ்ப்பாணத்தார். வெயில் எங்களுக்கு என்ன செய்யும்?" இதை நான் மகளுக்கு மட்டும் சொல்லவில்லை. ட்ராம் நிறுத்தத்தில் நிற்கிறவைக்கு, முடிவெட்டுகிறவருக்கு, டொக்டருக்கு, எல்லாருக்கும் சொன்னேன். முப்பத்தொரு வருடக் குளிருடுப்பை மூன்று கறுப்புப் பைகளில் கட்டிக் கொண்டுபோய்த் தருமக்கடையில் கொடுத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டு வந்தேன். வயலட் நிறத்தில் நீங்கள் பின்னித் தந்த ஸ்வெற்றரும் அதற்குள்தான் போனது, மன்னிக்கவும். இங்கே வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் அடிக்கிற குளிரில் நான் இப்போது சயந்தினியின் ரோசாப்பூ நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். பொத்தான் மற்றப் பக்கம் இருக்கிறது.

சரி, பால் காய்ச்சின கதைக்கு வருகிறேன். எங்கள் லண்டன் கோவில் கலண்டரில் அன்றைக்குச் சுபநேரம் முற்பகல் 11.12 முதல் 11.40 வரை. செல்வமலர் அதைக் கிழித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இங்கே வந்து இறங்கி, சயந்தினியின் ஆஸ்பத்திரி விடுதி அறையில் குளித்துச் சாப்பிட்டு ஆறும்போது பிள்ளை கேட்டாள், பதினொன்றே காலுக்குப் புது வீட்டுக்குப் போவமா என்று. நான் இருபத்தெட்டு வருடம் தபால் பிரித்தவன், எந்த ஊர் எந்த நேரம் என்று எனக்குத் தெரியாதா? "அது லண்டனுக்குக் கணிச்ச நேரம். கிரகம் அங்க எந்த நிமிசம் எந்த இடத்தில நிக்குதோ, இங்கயும் அந்த நிமிசம் அதே இடத்திலதான் நிக்கும். மூண்டு மணித்தியாலம் கூட்டு" என்றேன். கூட்டினோம். பிற்பகல் 2.12 வந்தது. செல்வமலர் என்னைப் பெருமையோடு பார்த்தாள், அக்கா. அவள் அப்படிப் பார்த்துக் கனகாலம், அந்தப் பார்வையில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது.

ஒன்றரைக்குப் புது வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். லண்டனிலிருந்து முன்கூட்டியே அனுப்பிய சாமான்களோடு லொறி வீதியோரம் நின்றது. லொறிக்காரர் மூன்று பேரும் உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தார்கள். இந்த நாட்டில் கோடைகாலத்தில் மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெளியில் நின்று வேலை செய்யவே கூடாது என்று சட்டமாம். அரசாங்கம் மனிதரை வெளியே விடாத நேரத்தை நான் கூட்டிக் கழித்துச் சுபநேரமாகக் கண்டுபிடித்திருக்கிறேன். அப்போது பார்த்துத்தான் செல்வமலர், "ஐயோ, பால் வாங்கேல்லையே!" என்றாள். சயந்தினி வீட்டுச் சாவியை என் கையில் தந்து, "உள்ளுக்குப் போய் இருங்கோ, பத்து நிமிசத்தில வாறன்" என்று காரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டாள். உள்ளுக்குப் போவதா? நேரம் வரமுன்னமா? பாலும் விளக்கும் இல்லாமலா? செல்வமலர் வாசலில் கால் வைக்கவில்லை. குத்துவிளக்கும், நிறைகுடமும், தேங்காயும், உப்பும், மஞ்சளும் வைத்த தட்டோடு நாங்கள் இரண்டு பேரும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றோம்.

அக்கா, நான் அப்போதுதான் அந்த வெயிலைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெயில் என்றால் இத்தனை நாளும் மேலே இருந்து வருவது என்று நினைத்திருந்தேன். இது நிலத்திலிருந்து வந்தது, சுவரிலிருந்து வந்தது, காற்றிலிருந்தும் வந்தது. காற்று அடித்தால் ஆறும் என்று முகத்தைத் திருப்பினேன், அடுப்பைத் திறந்து முகத்தை நீட்டிய மாதிரி இருந்தது. நிழல் என்று கதவோடு ஒட்டி ஒரு சாண் அகலத்தில் ஒரு கோடு கிடந்தது. அதில் செல்வமலரை நிறுத்திவிட்டு நான் வெளியே நின்றேன். வியர்க்கவே இல்லை! வியர்க்க முன்னம் காய்ந்துவிடுகிறது. ஒரு காகம் இல்லை, ஒரு பூனை இல்லை, ஒரு சத்தம் இல்லை. வீதி முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. இத்தனை வருடம் ஊரிலும் லண்டனிலும் எத்தனையோ பெரிய மனிதருக்கு முன்னால் நின்றிருக்கிறேன், நான் இவ்வளவு சின்ன ஆள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. கும்பிடுவதற்காகக் குத்துவிளக்கைத் தட்டிலிருந்து தூக்கி நிலத்தில் வைக்கப் போனேன். பித்தளை, அக்கா! நான் போட்ட சத்தத்தில் லொறிக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு உடனே ஏற்றிக்கொண்டார்கள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பக்கத்துக் கதவு திறந்தது. குடையும் தண்ணிப் போத்தலுமாக ஒரு பெண் ஓடி வந்தாள். அதுதான் இம்மாகுலேற், மன்னார்ப் பிள்ளை, பதினெட்டு வருடமாக இங்கே தாதியாக இருக்கிறாள். எங்களையும் தட்டையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா, நேர்த்திக்கடனே?" என்று கேட்டாள்.

"இல்லப் பிள்ளை, நல்ல நேரம் பாத்துக்கொண்டு நிக்கிறம்" என்றாள் செல்வமலர், உதடு காய்ந்த குரலில்.

"இந்த ஊரில ஜூலை மத்தியானத்தில நல்ல நேரம் எண்டு ஒண்டும் இல்லையம்மா. முதலில என்ர வீட்டுக்குள்ள வாங்கோ."

"விளக்கை எடுத்துக்கொண்டு வந்திட்டன் பிள்ளை. இனி இதை வேற வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது."

இம்மாகுலேற் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன், அதையும் பார்க்க முடியவில்லை. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, "எத்தினை மணிக்கு?" என்றாள். 2.12 என்றேன். மணி இரண்டு அடித்து ஒரு நிமிடம். அந்தப் பிள்ளை குடையை விரித்துச் செல்வமலரின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்துச் செபிக்கத் தொடங்கினாள். முன்பின் தெரியாத ஒருத்தி, எங்கள் பஞ்சாங்கத்துக்காகத் தன்னுடைய மாதாவிடம் மன்றாடிக்கொண்டு அந்த வெயிலில் நின்றாள். அதையும் நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிசத்தில் வருகிறேன் என்று போன சயந்தினி இரண்டு ஒன்பதுக்குத்தான் பாலோடு வந்து காரை நிறுத்தி இறங்கினாள். "அப்பா! ஆர் யூ மேட்? அம்மாவைக் கொல்லப் போறீங்களே?" என்று கத்தின கத்தில் செபமாலை நின்றது. "இன்னும் மூண்டு நிமிசம்" என்றாள் செல்வமலர்.

சரியாக 2.12க்கு வலது காலை வைத்து உள்ளே போனோம். தேங்காய் உடைத்தேன், இளநீர் கைபொறுக்காத சூடு. சொர்க்கம் மாதிரி வீடு குளிர்ந்திருந்தது, ஆனால் சோதனை முடியவில்லை. குசினியில் இருந்த அடுப்பு கண்ணாடி அடுப்பு, எங்கள் பித்தளைப் பானையை அது பானையாகவே மதிக்கவில்லை. வைத்தால் கீச்கீச் என்று கத்தி நின்றுவிடுகிறது. இரும்பு அடி வேண்டுமாம். மணி 2.25. இம்மாகுலேற் ஓடிப்போய் ஒரு சட்டியைக் கொண்டு வந்தாள். செல்வமலர் அதை மணந்து பார்த்துவிட்டு, "இதில கடைசியா என்ன காய்ச்சினனீங்கள் பிள்ளை?" என்று கேட்டாள்.

"அதைக் கேளாதேங்கோ அம்மா" என்றாள் இம்மாகுலேற்.

கேட்கவில்லை. 2.38க்குப் பால் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது. அந்தப் பாலை நாலு பேரும் குடித்தோம், சாளை மீன் வாசம் இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அதிசயம். முகம் கழுவ நீலக் குழாயைத் திறந்தால் கொதிதண்ணி வருகிறது. கூரையில் இருக்கிற தாங்கியிலிருந்து நேரே வருகிற தண்ணி. சிவப்புக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணி வருகிறது, ஏனென்றால் வெந்நீர்த் தாங்கி வீட்டுக்குள் இருக்கிறது, கோடை முழுக்க அதன் சுவிச்சை ஒருவரும் போடுவதில்லை. மிச்சமில் இருபத்தேழு வருடம் பொயிலரோடு சண்டை பிடித்தவன் நான், இங்கே குளிர்தண்ணிக்காக வெந்நீர்த் தாங்கியைத் தொட்டுக் கும்பிடுகிறேன். கடைத்தொகுதிக்குள் ஒரு பனித்தரை செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே நாற்பத்தேழு, உள்ளே சனம் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு சறுக்குகிறது. நான் தைமாதம் வாசலில் உப்புப் போட்டுக் கரைத்த சாமானை இவர்கள் ரிக்கெற் எடுத்துப் பார்க்கிறார்கள். பேரீச்ச மரங்கள் மட்டும்தான் இந்த வெயிலுக்கு அசையவில்லை, இந்த வெயில் வந்தால்தான் அந்தக் குலை பழுக்குமாம். பச்சையாய்க் கிடந்தது எங்கள் கண்முன்னாலேயே மஞ்சளாகி, தேன் வடிகிறது. இப்போது ஒரு மணியானால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. கதவைத் திறந்து வாசலில் ஐந்து நிமிடம் நின்று அந்த வெயிலைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "கோயிலுக்குப் போட்டு வந்தாச்சே?" என்று செல்வமலர் கேலி செய்கிறாள்.

அவள் மட்டும் குறைவா? பின்னேரம் ஆறு மணிக்கு, இன்னும் நாற்பத்தொரு பாகை இருக்கும்போது, வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறாள். மிச்சமில் ஹீற்றருக்கு மேலே கை நீட்டிக்கொண்டு இருப்பாளே, அதே மாதிரி. "உள்ளுக்கு வாவன், விசரே உனக்கு?" என்று கேட்டால், "நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்கிறாள்.

எனக்கு ஒரு வேலையும் இல்லை, அக்கா. அதுதான் பிரச்சினை. மிச்சமில் எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டி என்று தெருவே என்னைத்தான் கேட்கும். ட்ராம் எத்தனை மணிக்கு என்று நான் சொல்லுவேன். பின்கதவுக்கு நான் வேண்டும். இங்கே என்னை எதற்கும் ஒருவரும் கேட்பதில்லை, வெயிலுக்கு நான் யார்? காலையில் செல்வமலரின் தலையைப் பின்னுவது ஒன்றுதான் எனக்கு மிஞ்சிய உத்தியோகம். வந்த காரியமாவது நடந்ததா? இருபத்தொரு நாள் ஆகிவிட்டது, விரல் அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு காலையும், "எப்பிடி இருக்கு கை?" என்று கேட்கிறேன். "இருக்கு" என்கிறாள். நேற்றும் அதே பதில்தான். இந்த வெயிலாலேயே முடியாத வைத்தியம் இனி எங்கே முடியும்? நாலு மாதம், ஆறு மாதம் பொறுங்கள் என்று சயந்தினி சொல்லுகிறாள். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கூடாத கையோடு சொந்த வீட்டிலே இருப்பது மேல். ஆகவே திரும்பவும் சொல்லுகிறேன், சாவி உங்கள் தலையணைக்குக் கீழேயே இருக்கட்டும். நாங்கள் வந்து இறங்கும்போது அத்தான் ஒரு ஸ்வெற்றரோடு விமான நிலையத்துக்கு வந்தால் பெரிய உதவி.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள். மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம். உங்கள் வீட்டிலே மழை பெய்யும்போது எங்களையும் ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாள் எல்லாருக்கும் நிழல் தரட்டும்.

உங்கள் சொல் கேளாத தம்பி,
பாலேந்திரா

பிற்குறிப்பு: விடிய ஆறு மணி. இம்மாகுலேற் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள், உறையை ஒட்ட முன்னம் அவசரமாக எழுதுகிறேன். வழமைபோலச் சீப்பையும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போனேன், செல்வமலர் கட்டிலில் இல்லை. வாசல் கதிரையில் இருந்தாள். தலை இழுத்துப் பின்னியிருந்தது. சயந்தினியா பின்னினாள் என்று கேட்டேன். "அவள் நைற் ஷிப்ட். இன்னும் வரேல்லை" என்றாள். அப்ப ஆர் என்றேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். மோதிரவிரல் இன்னும் முழுக்க மடங்கவில்லை. பின்னல் ஒரே கோணல், நடுவில் இரண்டு தரம் விட்டுப் பிடித்திருக்கிறாள். பதினொரு வருடத்தில் நான் பின்னிய ஒரு பின்னலும் இவ்வளவு வடிவாக இருந்ததில்லை. "சரியாக்கி விடட்டே?" என்று கேட்டேன். "தொட்டால் தெரியும்" என்றாள். சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றேன் அக்கா. அழுதேன். இந்த ஊரில் அதுவும் உடனே காய்ந்துவிடுகிறது.

சாவியை லோஜினியிடம் கொடுத்துவிடுங்கள். பெரிய சாவி முன்கதவுக்கு. பால் காய்ச்சும்போது குசினிச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புகை அலாரம் அடிக்கும். பின்கதவுக்குக் கைபிடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலால் கீழ்ப்பலகையில் ஒரு தள்ளுத் தள்ளி, சின்னச் சாவியை முதலில் பூட்டுகிற பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டுப் பிறகு திறக்கிற பக்கம் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் செய்து காட்ட வேண்டாம், லோஜினியின் முழங்காலே தள்ளட்டும்.